அழுக்குத் தெரியாத டைல்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு டைலைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி முதலாளி கேட்டார். எழுத உட்கார்ந்தால், டைலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. எது சுவருக்கு, எது தரைக்கு என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது, உங்களுக்கு வாசிக்கத் தெரியும். எத்தனை பெட்டி வேண்டும் என்று கணக்குப் போட போன் இருக்கிறது. பதுளை பஜாரில் இந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் நின்றதில் எனக்குக் கிடைத்தது முழங்கால் வலியும் ஒரே ஒரு பழக்கமும்தான். வலி உங்களுக்கும் தானாக வந்துவிடும், அவசரப்பட வேண்டாம். பழக்கம் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன அவமானம். நான் சேர்ந்த புதிதில் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் பாத்ரூம் சுவருக்கு டைல் எடுக்க வந்தார்கள். அவருக்கு நீலம் வேண்டும், அந்த அம்மாவுக்குப் பச்சை. ஒரு மணி நேரம் இழுபறி. எனக்கு அப்போது வாய் அடங்காது. "நீலந்தாங்க எடுப்பா இருக்கும்" என்று நடுவில் புகுந்தேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாங்க போவோம், இந்தப் புள்ளைக்கு நம்ம வீட்டப் பத்தி ரொம்பத் தெரியுது" என்று புருஷனைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். எனக்குக் காது சுட்டுப்போனது. அன்றிலிருந்து வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுப்பது, அதற்கு மேல் மூக்கை நுழைக்காமல் இருப்பது என்று வைத்துக்கொண்டேன். பல வருடம் அது நல்ல பாடமாகத்தான் இருந்தது. நான் செய்த பெரிய பிழைக்கும் அதுதான் வழி விட்டது.

சுமதி என்ற பெண் கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாலர் பாடசாலை டீச்சர். அம்மாவும் அவளும் தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையை விட்டு, தனியாகக் கிடைத்த துண்டு நிலத்தில் வீடு கட்டிக் குடிபோயிருந்தார்கள். கக்கூஸ் வெளியே இருந்தது. குளிப்பதற்குச் சரிவில் இறங்கி பீலிக்குத்தான் போக வேண்டும். மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும் இடம்தான் பீலி. அதைச் சுற்றி எப்போதும் ஈரமும் புல்லும் அட்டையும் இருக்கும்.

அம்மாவின் பெயர் சரஸ்வதி. முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி வந்து பாதம் இரண்டும் மரத்துப்போயிருந்தன. பீலிக்குப் போய்வந்த ஒரு நாள் சுண்டு விரலில் அட்டை கடித்தது அவருக்குத் தெரியவில்லை. புண் அழுகி, பதுளை ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். வெறுங்காலோடு வெளியே போகக் கூடாது, தினமும் காலைக் கழுவிப் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்த தடவை விரலோடு நிற்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால்தான் வீட்டுக்குள்ளேயே ஒரு பாத்ரூம்.

கவனியுங்கள், இவ்வளவையும் சுமதி என்னிடம் கவுண்டரில் நின்று சொன்னாள். நானும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். கடைசியில் அவள், "அதனால வழுக்காத டைலா குடுங்க அக்கா" என்றாள். என் காதில் ஏறியது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான்.

கடையில் அப்போது புதிதாக வந்திருந்த ஒரு டைல் இருந்தது. கருங்காப்பி நிறம், மேலே பொடிக் கற்களைப் பதித்த மாதிரி முண்டு முண்டாக இருக்கும். எண்ணெய் ஊற்றினாலும் வழுக்காது. அதை எடுத்துக் கையில் கொடுத்து, எங்கள் கடையில் எல்லோரும் சொல்கிற அந்தப் பேச்சையும் சொன்னேன். "இதுல இன்னொரு வசதி இருக்கு தங்கச்சி. அழுக்கே தெரியாது. நம்ம பக்கத்துச் செம்மண்ணுக்கு இதுதான் சரி. எது விழுந்தாலும் தெரியாது."

இதை நான் சும்மா விற்பதற்காகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னேன். நான் பிறந்தது கொஸ்லந்தப் பக்கத்தில் ஒரு லயத்தில். டவுன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வரும்போது, மழை நாளில் எங்கள் வெள்ளைக் காலுறை முழுக்கச் சேறாகிவிடும். தோட்டத்துப் பிள்ளை என்பதை முகம் மறைத்தாலும் கால் காட்டிக்கொடுத்துவிடும். வகுப்புக்குப் போகுமுன் பைப்பில் காலுறையைக் கழுவி, ஈரத்தோடே போட்டுக்கொண்டு உட்காருவோம். அப்படி வளர்ந்தவளுக்கு, சேற்றை மறைக்கிற தரையை விடப் பெரிய சொகுசு என்ன இருக்கிறது? லயத்திலிருந்து வந்து வீடு கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அதையே சொன்னேன், அவர்களும் சந்தோஷமாக வாங்கிப்போனார்கள். சுமதிக்கும் பிடித்திருந்தது. அவளும் காலுறை கழுவிய பிள்ளைதானே.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, கடையைத் திறந்து விளக்குக் கூடப் போடவில்லை, சுமதி வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அம்மாவ வார்ட்டுல வச்சிருக்காங்க அக்கா" என்றாள். "உள்ளங்கால்ல புண்ணு. அந்த டைலு ஒரசி ஒரசித் தோல எடுத்திருக்கு. அவங்களுக்குத்தான் காலுல ஒன்னும் தெரியாதே."

"தெனம் பாக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாயை நானே மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"பாத்தாங்க. அவங்களால குனிஞ்சு உள்ளங்காலப் பாக்க முடியாது. நான் பாக்குறேன்னா காலக் காட்ட மாட்டாங்க, வெக்கம். தரையில ரத்தம் படுதான்னு பாத்துக்கிறேன், நீ போம்மாம்பாங்க. அந்தத் தரையில ரத்தம் எங்க தெரியும்? கடைசியில நாத்தம் வந்துதான் நான் புடிச்சு இழுத்துப் பாத்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு நாள் பாப்பாங்களாம். மருந்துக்குக் கேக்கலேன்னா கணுக்கால் வரைக்கும் எடுக்கணுமாம். எது விழுந்தாலும் தெரியாதுன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதலாளி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். இப்போதிருக்கும் முதலாளியின் அப்பா அவர், நல்ல மனுஷன், ஆனால் பயந்தவர். "ஸ்டெல்லா, இங்க பாரு. அவங்க கேட்டது வழுக்காத டைல். நாம குடுத்தது வழுக்காத டைல். இதுல நம்ம தப்பு ஒன்னும் இல்ல. நீ ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போயிறாத. போய் நின்னேன்னா கடை தப்ப ஒத்துக்கிட்டதா ஆயிரும். நாளைக்கு ஊரே சொல்லும்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக் கூடப் பொய் இல்லை. அதுதான் என்னை வதைத்தது. கேட்டதைக் கொடுத்தேன், அப்படியே என் பாடத்தின்படி நடந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை விரலைப் பற்றிச் சொன்னாள். மரத்துப்போன பாதத்தைப் பற்றிச் சொன்னாள். தினமும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, பார்க்க முடியாத ஒரு தரையை விற்றிருக்கிறேன். அன்று காலை முழுதும் யாருக்கு என்ன காட்டினேன் என்று நினைவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது, மறைக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் அப்போது நோயில் விழுந்து படுக்கையில் இருந்தார்.

மத்தியானம் நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரம் வந்தது. சாம்பிள் டைல் நாலை ஒரு ஷாப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு, "முதலாளி, நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டே கிளம்பினேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஏன் சாம்பிளைக் கொண்டுபோனேன் என்று இன்று வரை எனக்குச் சரியாகத் தெரியாது. பழம் வாங்கிப் போயிருக்கலாம். சீனி வருத்தக்காரருக்கு என்ன பழம் என்று யோசித்துப் பார்த்தேன், வேறு எதுவும் தோன்றவில்லை.

சரஸ்வதி அக்காவை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்திருந்தார்கள். சுமதி மருந்துச் சீட்டோடு எங்கோ போயிருந்தாள். நான் கட்டிலோரமாக நின்று, "அக்கா, அந்த டைலைக் குடுத்தது நாந்தான். மன்னிச்சிருங்க" என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மற்றப் பேச்சு ஒன்றும் வரவில்லை.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"நீதானா அது? டைலு நல்ல டைலுதான் தங்கச்சி. ஒரு நாளாவது வழுக்கல." பிறகு, "ஆனா அதுல என்னா கெடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மகளோட மூக்குத்திய நாலு நாளு தேடுனோம். அங்கனேதான் கெடந்திருக்கு, கண்ணு முன்னுக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தத் தெம்பில்தான், அதுவரை பதினெட்டு வருட வேலையில் யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியை அவரிடம் கேட்டேன். "அக்கா, நீங்க எப்படிக் குளிப்பீங்க?"

பக்கத்துக் கட்டில்காரி கூடத் திரும்பிப் பார்த்தாள். சரஸ்வதி அக்கா கூச்சப்படாமல் சொன்னார். ஷவர் எல்லாம் அவருக்குச் சரிப்படாது. குசினி அடுப்பிலிருந்து சுடுதண்ணீர் கொண்டுவந்து வாளியில் கலந்து வைத்துக்கொண்டு, நின்றே ஊற்றுவார். பீலியில் நின்று பழகிய உடம்பு, உட்கார்ந்தால் குளித்த மாதிரி இருக்காது. குதிகாலைத் தரையில் போட்டுத் தேய்ப்பார், பீலியில் கல்லில் தேய்ப்பது போல. அதோடு அன்றைய துணியையும் அங்கேயே அலசிவிடுவார். அந்த முண்டு முண்டுத் தரையில் மரத்துப்போன காலை வைத்து, நாலு மாதம், தினமும் குதிகால் தேய்த்திருக்கிறார்.

"பையில என்னா?" என்று கேட்டார்.

நாலு டைலையும் கட்டிலில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். பாதம்தான் மரத்திருந்தது, கை அப்படியில்லை. கொழுந்தையும் முற்றிய இலையையும் பார்க்காமலே விரல் நுனியால் பிரித்த கை அது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து டைல்மேல் கொஞ்சம் தெளித்து, உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கையைத் திருப்பி, தோல் மெல்லிசாக இருக்கும் மணிக்கட்டின் உள்பக்கத்தால் தேய்த்தார். பளபளவென்றிருந்த வெள்ளையை, "இது ஆளத் தள்ளிரும்" என்று ஒதுக்கினார். சொரசொரப்பான இன்னொன்றை, "இது தோல எடுக்கும்." மீதி இரண்டு: ஒன்று சாம்பல் நிறம், ஒன்று பால்கோவா நிறத்தில் மங்கலான வெள்ளை. இரண்டும் கைக்குப் பிடித்திருந்தது.

தலையணைக்குக் கீழேயிருந்து கோயில் குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். ஈர விரலால் கொஞ்சம் தொட்டு, இரண்டு டைலிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். மிளகு அளவுகூட இருக்காது. "கீழ வையி தங்கச்சி, தரையில" என்றார். வைத்தேன். கட்டிலில் இருந்தபடி கண்ணைச் சுருக்கி, கொழுந்துக் கூடையை எட்டிப் பார்ப்பது போலப் பார்த்தார். சாம்பலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். வெள்ளையைப் பார்த்து, "அந்தா இருக்கு" என்றார்.

அந்த நேரம் பார்த்து வார்ட் நர்ஸ் மிஸ்ஸி வந்துவிட்டார். "என்ன இது, வார்ட்டுக்குள்ள கடை போட்டாச்சா?" என்று அதட்டினார். சரஸ்வதி அக்கா விஷயத்தைச் சொன்னதும் நின்று, அவரும் ஒருமுறை குனியாமல் பார்த்துவிட்டு, "வெள்ளைதான் நல்லம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில்காரியும் அதையே சொன்னாள். ஒரு டைலுக்கு இத்தனை பேர் ஒரே மனதாகச் சம்மதித்து நான் பார்த்ததே இல்லை.

பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளில் அந்தக் காலே இருக்குமோ இல்லையோ. நாங்கள் அதற்குத் தரை பார்த்துக்கொண்டிருக்கிறோம். என் முகத்தைப் பார்த்து அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"ஒரு காலு போனாலும் மத்த காலுக்கு நிக்க எடம் வேணும்ல" என்றார். "இதையே போடு."

கடைக்குத் திரும்பி முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்டோர்ப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில், "அந்த வெள்ளை ஸ்டோர்ல மிச்சம் கெடக்குதுதானே, ஏத்தி அனுப்பு" என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் நமக்கு டைல் ஒட்டிக் கொடுக்கும் பாஸையும் கூடவே அனுப்பினார். கடை தப்பு செய்தது என்று ஊரில் யாரும் சொன்னதாக என் காதுக்கு வரவில்லை.

அந்த மூன்று நாளும் போன் அடித்தபோதெல்லாம் நானே ஓடிப்போய் எடுத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சுமதி கடைக்குப் போன் பண்ணி, புண் மருந்துக்குக் கேட்கிறதாம், காலை எடுக்க மாட்டார்களாம் என்றாள். சரஸ்வதி அக்கா வீட்டுக்குப் போகுமுன் பழைய தரைமேலேயே புது டைலை ஒட்டி முடித்திருந்தார் பாஸ்.

இதனால் நான் கேட்டுக்கொள்வது என்ன என்று உங்களுக்கே விளங்கும். சதுர அடியைக் கேட்குமுன், அதில் யார் நிற்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். எப்படிக் குளிப்பார்கள் என்று கேளுங்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள், பண்டாரவளை அம்மா மாதிரி யாராவது படியிறங்கியும் போகலாம். போகட்டும். குழந்தை இருக்கிறதா, கண் மங்கலான ஆள் இருக்கிறாரா, துணியும் அங்கேயே துவைப்பார்களா, இதெல்லாம் பெட்டியில் அச்சடித்திருக்காது. "அழுக்குத் தெரியாது" என்ற பேச்சையும் நான் விட்டுவிடவில்லை. வரவேற்பறைக்குக் கேட்டால் இன்றும் சொல்வேன். பாத்ரூமுக்குக் கேட்டால் மட்டும், தெரியாமல் இருப்பது அந்த வீட்டுக்கு நல்லதா என்று ஒரு நிமிடம் யோசிப்பேன்.

அடுத்த மழைக்காலம் ஒரு காலையில் சரஸ்வதி அக்கா தனியாகக் கடைக்கு வந்தார். காலுறை போட்டு அதன்மேல் செருப்பு, ஒரு காலில் புதிதாகக் கட்டு. என் கண் அந்தக் கட்டிலேயே நின்றது.

"ஒன்னும் இல்ல, பயப்படாத" என்று அவரே முந்திக்கொண்டார். "விடியக் குளிச்சேனா, தரையில ஒரு பொட்டுச் செவப்பு. கண்ணாடிய வச்சுத் தேடுனேன், குதிகாலுக்குப் பக்கத்துல அட்டை கடிச்சிருக்கு. முத பஸ்ஸுலயே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். கழுவி மருந்து போட்டு, போம்மா வீட்டுக்குன்னுட்டாங்க."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் என்னைத் திட்டினார். அந்த வெள்ளை டைலில் ஒரு முடி விழுந்தாலும் தெரிகிறதாம், சோப்பு நுரை தெரிகிறதாம், சுமதி கொண்டுவரும் சேறெல்லாம் தெரிகிறதாம், தினமும் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோகிறதாம். "இப்பிடி ஒரு டைல யாரு தலையிலயும் கட்டாத தங்கச்சி" என்றார். முதலாளி எழுந்து வந்து அவருக்குத் தேத்தண்ணீர் சொன்னார், சீனி இல்லாமல்.

நான் ஸ்டோருக்குள் போய், பெட்டிகளுக்குப் பின்னால் நின்று நன்றாக அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் நமுனுகுல பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைத் தாண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தார், இரண்டு காலாலும்.